மெல்பர்ன் போனால் பதிப்பாளர்கள் அறிமுகம் கிடைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 37. காப்புறுதி நிறுவனம் ஒன்றில் ஆவணங்களை எழுதித் திருத்தும் வேலை. தமிழில் சிறுகதை எழுதுகிறேன். தமிழ் முரசில் சில கதைகள் வந்திருக்கின்றன. தங்கமுனை விருதுப் போட்டியில் ஒரு முறை ஆறுதல் பரிசு கிடைத்தது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்து, பதிப்பு, எடிட்டிங் மூன்றையும் சேர்த்துச் சொல்லித்தரும் முதுகலைப் படிப்பு ஒன்று இருக்கிறது. பதிப்புத் துறையோடு நெருங்கிய தொடர்பு, இன்டர்ன்ஷிப் என்றெல்லாம் படித்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறேன். கட்டணம், வாடகை, சம்பள இழப்பு எல்லாம் சேர்த்தால் ஒன்றரை லட்சம் வெள்ளிக்கு மேல் போகிறது. கணவர் “உன் இஷ்டம்” என்கிறார், ஆனால் முகம் வேறு சொல்கிறது. மகள் தொடக்கநிலை 4. அந்தத் தொடர்புகள் நிஜமா? தமிழில் எழுதுகிற எனக்கு அவை உதவுமா? இதற்கிடையே சென்னைப் பதிப்பகம் ஒன்று என் கதைத் தொகுப்பைப் போடத் தயாராக இருக்கிறது, ஆனால் பணம் கேட்கிறார்கள். தொகுப்பு வந்துவிட்டால் விண்ணப்பத்துக்கு வலுச் சேருமா?
— பெயர் வேண்டாம், யீஷூன், சிங்கப்பூர்

பதில்:

அன்புள்ள யீஷூன் வாசகிக்கு,

அந்தத் தொடர்புகள் நிஜம்தான். ஒரு பக்கம் மெல்பர்னில் ஆங்கிலப் புத்தகம் போடுகிறவர்கள். மறுபக்கம் படிப்பு முடிந்த பிறகும் அதே ஊரில் இருந்து அவர்களிடம் வேலைக்குச் சேரக்கூடியவர்கள். அந்த இரண்டு தரப்புக்கும் நடுவே இருக்கும் தொடர்பு அது. உங்கள் விஷயத்தில் இரண்டு இடத்தில் இடிக்கிறது: மொழி, வயது. வயதை முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் உங்கள் ஒன்றரை லட்சக் கணக்கையே அது மாற்றிவிடும்.

ஆஸ்திரேலியாவில் படித்து முடிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் கொஞ்ச காலம் தங்கி வேலை பார்க்க 485 என்ற தற்காலிக விசா இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அதற்கான வயது வரம்பை 35 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஆய்வு முதுகலை, முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு விலக்கு உண்டு. நீங்கள் பார்த்திருப்பது வகுப்புக்குப் போய்ப் படிக்கும் முதுகலை என்பதால் அந்த விலக்கு உங்களுக்கு வராது. வேறு வகை விசாவுக்கு வழி இல்லையென்றால், பட்டம் வாங்கியதும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், பதிப்புத் துறையில் ஆரம்ப நிலை வேலைகளில் பல விளம்பரத்துக்கே வருவதில்லை. இன்டர்ன்ஷிப்பில் வந்த பெண் பக்கங்களை ஒழுங்காகப் பார்த்தாள், சொன்ன தேதிக்குக் கொடுத்தாள் என்று யாராவது ஞாபகம் வைத்திருப்பார்கள். ஆறு மாதம் கழித்து ஒருவர் பிரசவ விடுப்பில் போகும்போது அந்தப் பெண்ணைக் கூப்பிடுவார்கள். தொடர்பு என்று கையேட்டில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் அந்த ஒரு போன்தான். அந்த போன் வரும்போது நீங்கள் யீஷூனில் இருப்பீர்கள்.

விருந்தினர் உரை, பதிப்பாளர் சந்திப்பு, எழுத்தாளரோடு ஒரு மாலை இவற்றைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. கல்யாண வீட்டில் மந்திரியோடு எடுத்துக்கொண்ட போட்டோவுக்கு இருக்கும் மதிப்புதான் அதற்கும். மறுநாள் நீங்கள் மின்னஞ்சல் அனுப்பினால் அவர் பதில் போடலாம், போடாமலும் போகலாம். கூட உட்கார்ந்து படிக்கும் இருபது பேர் அப்படி இல்லை. பத்து வருடம் கழித்து அவர்களில் ஒருவர் ஒரு பதிப்பகத்தில் புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருப்பார், இன்னொருவர் விழா நடத்துவார், மற்றொருவர் புத்தகக் கடை வைத்திருப்பார். உங்கள் கதையை வரிவரியாகப் படித்துச் சண்டை போட்டவர்கள் அவர்கள். மறக்க மாட்டார்கள்.

இந்தப் படிப்புகளுக்கு இவ்வளவு புகழ் எப்படி வந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் படைப்பெழுத்துப் பட்டறையை 1936-இலேயே தொடங்கிவிட்டது. பிரிட்டனில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம் 1970-இல் படைப்பெழுத்து முதுகலையைத் தொடங்கியது. அங்கே படித்த கசுவோ இஷிகுரோ 2017-இல் நோபல் பரிசு வாங்கினார். அப்புறம் கேட்க வேண்டுமா, எல்லாக் கையேட்டிலும் இந்த மாதிரிப் பெயர்கள் வரிசை கட்டி நிற்கும். பல பல்கலைக்கழகங்கள் மாணவர்களின் எழுத்தை ஆண்டுத் தொகுப்பாகப் போட்டு லண்டன் ஏஜெண்டுகளுக்கு அனுப்புகின்றன. ஏஜெண்டுக்குப் பிடித்தால் நாவலைப் பதிப்பாளரிடம் கொண்டுபோவார், விற்றால் வழக்கமாக 15 சதவீதம் எடுத்துக்கொள்வார், மொழிபெயர்ப்பு உரிமை என்றால் 20. ஏஜெண்டுக்குக் காசு வரும் என்பதால்தான் அவர் அந்தத் தொகுப்பைப் புரட்டுகிறார். தமிழில் அப்படிப்பட்ட ஏஜெண்டுகள் அபூர்வம். பெரும்பாலும் எழுத்தாளர் நேராகப் பதிப்பாளரிடம் போகிறார், அல்லது நண்பர் சொல்லிப் போகிறார். ஆகவே ஏஜெண்டுகளுக்கு அறிமுகம் என்ற வாக்குறுதியால் உங்கள் தமிழ்த் தொகுப்புக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

இப்படிச் சொன்னதால் மெல்பர்ன் வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2008-இலிருந்து யுனெஸ்கோவின் இலக்கிய நகரம் அது, சின்னப் பதிப்பகங்கள் நிறைந்த ஊர். அந்தப் பல்கலைக்கழகத்தில் என்னைக் கவர்ந்தது கிராட்டன் ஸ்ட்ரீட் பிரஸ். 2016-இல் தொடங்கிய பதிப்பகம், பதிப்புப் படிப்பு மாணவர்களே நடத்துகிறார்கள். பிரதியைத் தேர்வு செய்வது, எடிட் செய்வது, அட்டை, அச்சகத்தோடு பேரம், விற்பனை எல்லாம் அவர்கள் பொறுப்பு. அமெரிக்காவில் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஊலிகன் பிரஸும் இதே மாதிரிதான். உங்கள் கைபட்ட ஒரு புத்தகம் கடையில் விலைக்கு நிற்கிறது என்றால், நீங்கள் வேலை தெரிந்தவர் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். யாருடைய சிபாரிசுக் கடிதமும் அதற்கு ஈடாகாது.

அதனால் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். “உங்களுக்குத் துறைத் தொடர்பு உண்டா” என்று கேட்டால் உண்டு என்றுதான் எழுதுவார்கள், அது கேள்வியே இல்லை. இன்டர்ன்ஷிப் இடத்தைப் பல்கலைக்கழகம் பிடித்துத் தருகிறதா, மாணவரே அலைந்து பிடிக்க வேண்டுமா என்று கேளுங்கள். போன ஆண்டு எந்தெந்த நிறுவனங்கள் ஆள் எடுத்தன, அதில் வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர்? மாணவர் பதிப்பகத்தில் எல்லாருக்கும் இடம் உண்டா, தேர்வு வைத்து எடுப்பார்களா? போன ஆண்டு முடித்தவர்களில் இரண்டு பேரோடு பேச வைக்க முடியுமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் சந்தேகப்படுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: படிப்பின் ஒரு பகுதியான இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் தராமல் இருப்பது ஆஸ்திரேலியச் சட்டப்படி செல்லும். மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிப்பேன் என்று உங்கள் கணக்கில் ஒரு வரி இருந்தால், அதை இன்னொரு முறை பாருங்கள்.

இனி மொழி. இங்கேதான் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

மூன்றையும் சேர்த்த படிப்பு என்கிறீர்கள். படைப்பெழுத்துப் பட்டறையில் உங்கள் கதையை ஆங்கிலத்தில்தான் வைக்க வேண்டும். வகுப்பில் உள்ளவர்கள் நல்லவர்கள், அக்கறையாகப் படிப்பார்கள். ஆனால் அவர்கள் பேசுவது உங்கள் மொழிபெயர்ப்பைப் பற்றி. தேக்காவில் நடக்கும் ஒரு உரையாடலில் மாமியார் “வாங்க” என்று சொல்லாமல் “வா” என்று சொன்னது ஏன் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள்: அங் மோ கியோ நூலகத்து வாசகர் வட்டத்தில், தமிழ் எழுத்தாளர் கழகத்தின் கதைக்களம் என்ற சந்திப்பில். காசும் கேட்க மாட்டார்கள்.

எடிட்டிங் பாடங்கள் வேறு கதை. தமிழ்ப் பதிப்பில் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள், அச்சகம் இருக்கிறது, சிங்கப்பூரில் மானியமும் இருக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய எடிட்டரைத்தான் காணோம். பிழை திருத்துவதையே எடிட்டிங் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சென்னையில் க்ரியா பதிப்பகத்தை நடத்திய ராமகிருஷ்ணன் போல ஒரு பிரதியோடு மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்களைத் தமிழுலகம் இன்றும் பெயர் சொல்லிப் பேசுகிறது என்றால், அப்படிப்பட்டவர்கள் எவ்வளவு குறைவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவரும் 2020-இல் போய்விட்டார். ஒரு நாவலின் மூன்றாம் அத்தியாயம் ஏன் தொங்குகிறது என்று எழுத்தாளருக்குக் கோபம் வராமல் எழுதிக் காட்டுவது ஒரு தொழில். அதைக் கற்றுக்கொண்டு வந்து தமிழில் செய்கிற ஒருவருக்கு இங்கே வேலை இருக்கிறது. பணம் குறைவுதான், அதையும் மறைக்க வேண்டாம்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. உங்கள் கடிதத்தில் இந்தச் சொல்லே இல்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தினமும் ஆங்கில ஆவணங்களைத் திருத்துகிறீர்கள், தமிழில் கதை எழுதுகிறீர்கள். இரண்டும் சேர்ந்த ஆள் கிடைப்பது அபூர்வம்.

எப்பிகிராம் புக்ஸ், ஈத்தோஸ் புக்ஸ், 2018-இல் இங்கே வந்த பெங்குவின் ரேண்டம் ஹவுஸின் தென்கிழக்காசியக் கிளை என்று சிங்கப்பூரில் ஆங்கிலப் பதிப்பகங்கள் இருக்கின்றன. சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் பெற்றவர்களின் நூல்களை எப்பிகிராம் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது, தமிழ் எழுத்தாளர் மா. இளங்கண்ணனும் அதில் உண்டு. அந்த வரிசை ஏன் இன்னும் நீளவில்லை? பதிப்பாளருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். சிங்கப்பூர் இலக்கியப் பரிசு நான்கு மொழிகளிலும் கொடுக்கப்படுகிறது. தமிழில் பரிசு பெற்ற நாவல் என்று கேள்விப்படுவார், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை.

அவருக்கு வேண்டியவை சில தாள்கள்தான். கதைச் சுருக்கம் ஒன்றரைப் பக்கம், முடிவையும் சேர்த்து. (நம் ஆட்கள் முடிவை மறைத்து, “மீதியை நூலில் காண்க” என்று எழுதுவார்கள். பதிப்பாளரிடம் அது செல்லாது.) நாவலின் ஆரம்பத்திலிருந்து பதினைந்து இருபது பக்கம் மாதிரி மொழிபெயர்ப்பு. வாசிப்பு அறிக்கை ஒன்று: எழுத்தாளர் யார், இங்கே இவருடைய இடம் என்ன, எங்கே பலவீனம், யார் வாங்குவார்கள் என்று நேர்மையாக எழுதியது. அப்புறம் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற தகவல். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சென்னையில் போட்ட புத்தகத்துக்கு ஒப்பந்தமே இருக்காது, இருந்தாலும் மொழிபெயர்ப்பு உரிமை எழுத்தாளரிடமா பதிப்பகத்திடமா என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஒரு வரி மொழிபெயர்ப்பதற்கு முன்னால் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்கிவிடுங்கள். எழுத்தாளர் மறைந்து 70 ஆண்டு ஆகும் வரை இங்கே பதிப்புரிமை உண்டு, ஆகவே பழைய எழுத்தாளர் என்றால் குடும்பத்தாரைத் தேட வேண்டும்.

இப்படி ஒரு கோப்பைத் தயாரித்து அனுப்புகிறவர் பதிப்பாளரிடம் அறிமுகத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் கோப்பு நிராகரிக்கப்படலாம். அறிக்கை நன்றாக இருந்தால், வேறொரு தமிழ் நூல் வந்தபோது “இதைப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று அவர்களே கேட்பார்கள். நான் பார்த்தவரை தொடர்பு அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

தமிழ்நாட்டுப் பக்கமும் நிலைமை மாறியிருக்கிறது. ஜனவரியில் பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சி உங்களுக்குத் தெரியும், அது வாசகர்களுக்கு. அதே மாதத்தில் தமிழக அரசு 2023-இலிருந்து சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி நடத்துகிறது. அங்கே சில்லறை விற்பனை முக்கியமில்லை, மொழிபெயர்ப்பு உரிமைகளைப் பேசுவதற்கென்றே மேசை போட்டு உட்காருகிறார்கள், மொழிபெயர்ப்புக்கு மானியமும் உண்டு. மெல்பர்ன் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் அங்கே ஒரு முறை போய், யார் யாரோடு என்ன பேசுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். சென்னை டிக்கெட் செலவுதான்.

வீட்டில் இருந்தபடியே எடிட்டிங் படிக்க வழி உண்டு. பிரிட்டனின் சிஐஇபி, அதாவது எடிட்டர்களுக்கும் மெய்ப்புப் பார்ப்பவர்களுக்குமான பட்டய நிறுவனம், இணையவழிப் பாடங்கள் நடத்துகிறது. உங்கள் அலுவலக வேலைக்கே பயன்படும். இங்கேயே முதுகலை வேண்டும் என்றால் லாசால் கலைக் கல்லூரியில் படைப்பெழுத்துப் படிப்பு இருக்கிறது, ஆங்கிலத்தில். அதில் உடன் படிப்பவர்கள் இங்கேயே எழுதப்போகிறவர்கள், பத்து ஆண்டு கழித்தும் எம்ஆர்டியில் பார்க்கலாம். நவம்பர் வாக்கில் வரும் சிங்கப்பூர் எழுத்தாளர் விழா, ஏப்ரலில் தமிழ் மொழி விழா, ஏஎஃப்சிசி என்கிற சிறார் இலக்கிய விழா இவற்றில் பார்வையாளராக உட்காராமல் வேலைக்குப் போங்கள். நெறியாளருக்கு இருமொழிக் குறிப்பு எழுதித் தர ஆள் தேடுவார்கள்.

வெளிநாட்டில் படித்தே ஆக வேண்டும் என்ற ஆசை விடவில்லையென்றால், பிரிட்டனையும் பாருங்கள். ஆக்ஸ்ஃபர்ட் புரூக்ஸ் பல்கலைக்கழகத்திலும் லண்டன் யூசிஎல் பல்கலைக்கழகத்திலும் பதிப்புத் துறைக்கென்றே முதுகலை உண்டு, முழுநேரம் என்றால் ஒரே ஆண்டு. படித்து முடித்தபின் தங்கி வேலை பார்க்கும் விசாவுக்கு அங்கே வயது வரம்பு இல்லை. இப்போது இரண்டு ஆண்டு தருகிறார்கள், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். பிரிவு ஒரு ஆண்டோடு முடியும் என்பது மகள் விஷயத்திலும் முக்கியம். அடுத்த ஆண்டு நீங்கள் கிளம்பி, படிப்பு இரண்டு ஆண்டு இழுத்தால், அவள் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதும்போது நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள். அது பரவாயில்லை என்று நினைக்கிற குடும்பங்களும் உண்டு. உங்கள் கணவரின் முகத்தில் தெரிவது பணக் கவலையா இந்தக் கவலையா என்று எனக்குத் தெரியாது, கேட்டுவிடுங்கள். பணம்தான் என்றால், “இந்தப் பட்டம் என் சம்பளத்தை உயர்த்தாது” என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பிப்பது நல்லது.

கடைசியாகத் தொகுப்பு. இப்போது பணம் கொடுத்துப் போடாதீர்கள். முன்பெல்லாம் 1,200 பிரதி அடித்தார்கள், பதிப்பாளருக்கும் கையைக் கடிக்கும், அதனால் யோசித்துத்தான் எடுப்பார். இன்று தேவைக்கேற்ப நூறு, இருநூறு அச்சிட முடிகிறது. உங்கள் பணத்தில் அச்சடித்து, வெளியீட்டு விழாவில் உங்கள் நண்பர்களே வாங்கினால் அவருக்கு என்ன நஷ்டம்? பணம் வாங்கும் எல்லாரையும் குறை சொல்லவில்லை. இரண்டு கேள்வி கேளுங்கள்: என் பிரதியை எடிட் செய்யப்போவது யார், அவர் எடிட் செய்த வேறு இரண்டு புத்தகங்கள் எவை? பெயர் வந்தால் மேற்கொண்டு பேசலாம். “மெய்ப்புப் பார்த்துவிடுவோம்” என்று பதில் வந்தால் கோப்பைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். தேசியக் கலைகள் மன்றத்தின் மானியத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பே நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

விண்ணப்பத்துக்கு அந்தத் தொகுப்பால் பெரிய பலன் இருக்காது. தேர்வுக் குழு அட்டையைப் பார்க்கும், உள்ளே படிக்க முடியாது. எழுத்து மாதிரி கேட்டால் அதை ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். ஆறுதல் பரிசு பெற்ற அந்தக் கதையை நீங்களே ஆங்கிலத்தில் கொண்டுவந்து, “தமிழிலிருந்து ஆசிரியரே மொழிபெயர்த்தது” என்று மேலே ஒரு வரி போட்டு அனுப்புங்கள். சொந்த மொழிபெயர்ப்பை ஏற்பார்களா என்று சேர்க்கை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.